பணியில் இருந்தபடியே கல்வியியலில் முதுகலை: எம்.எட். படிப்பதா, எம்.ஏ. கல்வியியல் படிப்பதா?

நொய்யல்கரை | பல்லடம்

அனைவருக்கும் வணக்கம். பல்லடம் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்துப் பணிக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இப்போது கல்வியியலில் ஒரு முதுகலைப் பட்டம் படிக்க விரும்புகிறேன். ஊதியமில்லா விடுப்பில் செல்லக் குடும்பச் சூழல் இடம் தராது என்பதால் இணையவழியிலோ தொலைநிலையிலோதான் படிக்க முடியும்.

எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து பின்னலாடை நிறுவனங்களுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் கூடி வருகிறார்கள். சில மாதங்களிலேயே அவர்கள் மற்றப் பிள்ளைகளோடு தமிழில் சரளமாகப் பேசிச் சிரித்து விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்துவிட்டு அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறார்கள். இதற்கு என்ன காரணம், நான் எதை மாற்றிக் கற்பிக்க வேண்டும் என்பவற்றை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் நோக்கம். பதவி உயர்வோ ஊக்க ஊதியமோ கிடைத்தால் மகிழ்ச்சிதான்.

இணையவழி எம்.எட். உண்டா, எம்.ஏ. கல்வியியல் அதற்கு ஈடாகுமா, பள்ளி வேலைக்கு நடுவே படித்து முடித்தவர்கள் யாரேனும் இங்கே இருக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

சென்னிமலைச்சாரல் | பெருந்துறை

வணக்கம் அம்மணி. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. சுற்றுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் எங்கே நடந்தாலும் தேநீர் இடைவேளையில் இரண்டு ஆசிரியராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள்.

இணையவழி எம்.எட். என்று யாராவது விளம்பரம் செய்தால் அதன் பக்கம் போகாதீர்கள். எம்.எட். என்பது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பு பெற்றே நடத்தப்பட வேண்டிய படிப்பு. அந்தக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கும் பி.எட்.டுக்கும் தொலைநிலை வழிக்கென்று தனி நெறிகள் உள்ளன, எம்.எட்.டுக்கு நேரடி வகுப்பு வழிக்கு மட்டுமே நெறிகள் உள்ளன. இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், பாட வகுப்புகளுக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு வருகை, களப்பணிக்கு 90 விழுக்காடு வருகை என்று அவை விதிக்கின்றன. வீட்டிலிருந்து படிக்கக்கூடிய அமைப்பு அதற்குள் இல்லை.

எம்.ஏ. கல்வியியலின் நிலை வேறு. வரலாறு, சமூகவியல் போல அதுவும் ஒரு கலைப் பாடம். அதனால் அது என்.சி.டி.இ.யின் எல்லைக்குள் வராமல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் வருகிறது. திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான மானியக் குழுவின் விதிமுறைகள் 2020இல் வந்தன. அவற்றின்படி ஏற்பு பெற்ற நிறுவனங்கள் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வழியில் பெறும் அதே பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு மீண்டும் அறிவித்தது. ஆகவே தொலைநிலையில் பெற்ற எம்.ஏ. கல்வியியல், நேரில் படித்துப் பெற்ற எம்.ஏ. கல்வியியலுக்கு இணை. ஆனால் எந்த வழியில் படித்தாலும் அது எம்.எட். ஆகிவிடாது. தரகர்கள் இந்த இரண்டு செய்திகளையும் கலந்துதான் ஆசிரியர்களைக் குழப்புகிறார்கள்.

உங்கள் நோக்கத்தைப் படித்தபோது எனக்கு ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியியலாளரின் நினைவு வந்தது. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய மொழித்திறன் வேறு, பாடநூலைப் புரிந்துகொள்ள வேண்டிய மொழித்திறன் வேறு என்று 1979இல் அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும் என்றும், இரண்டாவதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படும் என்றும் அவருடைய ஆய்வுகள் கூறின. உங்கள் வகுப்பில் நீங்கள் காண்பது ஏறக்குறைய இதுவேதான். மைதானத்தில் நன்றாகப் பேசும் பிள்ளை பாடத்தில் தடுமாறும்போது, அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்றோ அக்கறை இல்லை என்றோ நாம் முடிவு கட்டிவிடும் அபாயம் இருக்கிறது என்பதால் இதை ஒவ்வொரு ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும் என்று மனதாரக் கருதுகிறேன்.

அமராவதி | கரூர்

சகோதரியின் ஆர்வத்தைக் குலைப்பது என் எண்ணம் அன்று. ஆனால் பட்டத்துக்காகச் செலவிடும் பணத்தையும் காலத்தையும் பற்றி யாராவது வெளிப்படையாகப் பேச வேண்டும்.

முன்பு கூடுதல் கல்வித் தகுதிக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. பலர் அதை நம்பியே எம்.எட். படித்தார்கள். 2020 மார்ச் 10ஆம் நாளிட்ட அரசாணை எண் 37 அந்த முன் ஊதிய உயர்வுகளை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு 2021இல் வந்த ஆணை ஒரே ஒரு முறை வழங்கும் மொத்தத் தொகையாக அதை மாற்றியது. மாதந்தோறும் ஊதியத்தில் ஏறி, ஓய்வூதியம் வரை தொடர்ந்த பழைய பயன் இப்போது இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

பதவி உயர்வுக்கும் இந்தப் பட்டம் உதவாது. முதுகலை ஆசிரியர் பதவிக்கு மேல்நிலை வகுப்பில் கற்பிக்கப்படும் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், கல்வியியல் அப்படிக் கற்பிக்கப்படும் பாடமாக இல்லை. உங்களிடம் எம்.எஸ்சி. இருப்பதால் அந்தப் பாடத்தில் உங்கள் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, எம்.ஏ. கல்வியியல் அதைக் கூட்டவும் போவதில்லை, குறைக்கவும் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று கூறப்பட்டது. தகுதித் தேர்வு எழுதிப் பணிக்கு வந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அதற்கு முன்பே பணியில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தர வயதில் மீண்டும் வினாத்தொகுப்புகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கும் யாரும் இந்த இழையைப் படித்துவிட்டு முதுகலையில் சேர்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு முதலில் வேலை நிலைக்க வேண்டும்.

பவானிக்கூடல் | பவானி

கரூர் நண்பர் சொன்ன கணக்கு சரியானதே. நான் பணியில் இருந்துகொண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல் முடித்தவள், அதனால் என் ஊதியச் சீட்டில் எந்த மாற்றமும் வரவில்லை. இருந்தும் அதைப் படித்தது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் அதில் சேரலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகம் போனால் நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை உண்டு. வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கும். கல்வியின் இயல்பும் நோக்கமும், கற்றலும் கற்பவரின் வளர்ச்சியும், கல்வியின் சமூகச் சூழல், கல்வி நடைமுறைகள், கல்வி ஆய்வு ஆகியவற்றை எல்லோரும் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு கல்வி மேலாண்மை, கல்வித் தொழில்நுட்பம், உயர்கல்வி போன்ற சிறப்புத் துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். நான் படித்தபோது இருந்த அமைப்பு இது. சேருகிற ஆண்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்வுக் காலம் பற்றி முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். பருவ இறுதித் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூனில் நம் பள்ளிகள் திறந்து சேர்க்கையும் விலையில்லாப் பாடநூல் வழங்கலும் எமிஸ் எனப்படும் மாணவர் விவரத் தளப் பதிவுகளும் ஒன்றாக வந்து விழும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்புதான் நமக்கு உண்டு. அதில் கணிசமான பகுதி தேர்வுக்கே போய்விடும். ஆகவே எல்லாத் தாள்களையும் ஒரே பருவத்தில் எழுதி முடிக்க நினைக்காமல், பாதியை ஜூனுக்கும் பாதியை டிசம்பருக்கும் பிரித்துக்கொள்வதும், இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாமல் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்வதும் நல்லது. பிள்ளைகளும் வயதான மாமியாரும் உள்ள வீட்டில் அந்த மூன்றாவது ஆண்டு பெரிய ஆறுதலாக இருந்தது.

சேருவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத் தொகுதிகள் இஞானகோஷ் என்ற தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி ஆய்வு குறித்த தொகுதியை எடுத்து, இரவில் வேலைகள் முடிந்த பிறகு ஒரு மாத காலம் வாசித்துப் பாருங்கள். அதை வாசிக்க மனம் தொடர்ந்து இழுத்தால் பணம் கட்டுங்கள். ஒரு மாதத்தில் சலித்துப்போனால் இரண்டு ஆண்டுகளுக்கு அது தாங்காது.

இந்தப் படிப்பில் ஆய்வேட்டைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மற்றப் பாடங்களில் ரூசோ, டியூயி, பியாஜே, வைகாட்ஸ்கி என்று பி.எட்.டில் பெயராக மட்டும் கேட்டவர்களை இன்னும் ஆழமாகப் படிக்கலாம், அது நல்லதுதான். ஆனால் ஆய்வேட்டில்தான் நம் சொந்த வகுப்பை நாமே அளந்து பார்க்க நேர்கிறது. நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பின்ன எண் கணக்குகளில் வரும் பிழைகளை எடுத்துக்கொண்டேன். விடைத்தாளில் தவறு என்று கோடு போட்டு நகர்ந்துவிடுவது பல ஆண்டு வழக்கமாக இருந்த இடத்தில், ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு நியாயம் இருப்பதைக் கண்டேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை, முழு எண்களைக் கூட்டக் கற்ற விதியை மேலும் கீழும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு என் கற்பித்தலில் சொல்லும் வரிசையும் மாறியது, பிள்ளைகளைப் பார்த்துக் கோபப்படுவதும் குறைந்தது. இதற்கு எந்த அரசாணையும் ஊக்கத்தொகை தரப்போவதில்லை என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கொல்லிமலை | செம்மேடு

மலைப்பகுதிப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி இருக்கும் ஊரில் அலைபேசிக்கு அலைவரிசை நிலையாகக் கிடைப்பதில்லை. நேரலை வகுப்புகளும் இணையவழித் தேர்வும் கொண்ட படிப்பில் எங்களைப் போன்றோர் சேருவது சரியாக இருக்குமா?

பவானிக்கூடல் | பவானி

உங்களுக்கு இணையவழியைக் காட்டிலும் தொலைநிலை வழியே பொருந்தும், தம்பி. இணையவழிப் பட்டத்தில் வகுப்பு, கலந்துரையாடல் எல்லாம் இணையத்திலேயே நடக்கும். இடையில் தொடர்பு அறுந்தால் இழப்பு உங்களுக்குத்தான். தொலைநிலையில் பாடநூல் கைக்கு வரும், தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுதலாம். தேர்வு மையத்தைக் கீழே நாமக்கல்லிலோ சேலத்திலோ கிடைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வயம் தளத்தில் உள்ள காணொளிப் பாடங்களை விடுமுறையில் ஊருக்கு வரும்போது பதிவிறக்கி வைத்துக்கொண்டால் மலையில் வைத்துப் பார்க்கலாம்.

போதமலை | இராசிபுரம்

நான் தனியார் உறைவிடப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். இங்கே உள்ள பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் எங்கள் நிலையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். காலைப் படிப்பு நேரத்தில் தொடங்கி இரவுப் படிப்பு நேரம் வரை பள்ளியிலேயே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு நடக்கும். எங்களுக்குத் துறை அனுமதி தேவையில்லை, ஆனால் நேரம் அறவே இல்லை. இருந்தும் படிக்க நினைப்பதற்குக் காரணம், சில ஆண்டுகளில் கல்வியியல் கல்லூரிக்கு மாறிவிட வேண்டும் என்ற எண்ணம்தான். எம்.ஏ. கல்வியியல் அதற்குப் போதுமா? எம்.எட். என்றால், பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வகுப்புக்கு வர வேண்டியதில்லை, தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஒருவர் உறுதி கூறுகிறார். பணியாற்றும் இடத்தில் சிலர் அப்படிச் சேர்ந்தும் இருக்கிறார்கள்.

சென்னிமலைச்சாரல் | பெருந்துறை

இராசிபுரம் நண்பருக்கு: அந்த உறுதியை ஏற்காதீர்கள். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சிக்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

எம்.எட்.டுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று முன்பே எழுதினேன். அந்த நாட்களில் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் நீங்கள் இருந்ததாகக் கையொப்பம் இருக்கும். அதே நாட்களில் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் உங்கள் கையொப்பம் இருக்கும். நாளைக்கு அரசுப் பணியோ கல்லூரிப் பணியோ கிடைத்து, சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மை கேட்கும்போது, உங்கள் பணி அனுபவச் சான்றில் உள்ள காலமும் எம்.எட். படித்த காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது பட்டத்தை விடுவதா, அனுபவத்தை விடுவதா என்ற கேள்வி வரும். இரண்டுமே கேள்விக்குரியவை ஆவதும் உண்டு. அந்த நேரத்தில் உறுதி கூறியவர் உடன் வரமாட்டார். இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. நாளைய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போகிறவர், தாம் வகுப்பில் உட்காராமலேயே அதற்கான பட்டத்தைப் பெறுவது எப்படிப் பொருந்தும்? நம் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும் தொழிலில் இருக்கிறோம் நாம்.

உங்கள் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. பி.எட். கல்லூரியில் கல்வியியல் அடிப்படைப் பாடங்களைக் கற்பிப்பவர்களுக்கு 2014 விதிமுறைகள் இரண்டு வழிகளைத் தருகின்றன. சமூக அறிவியல் பாடம் ஒன்றில் முதுகலையும் அதனுடன் எம்.எட்.டும் இருக்க வேண்டும் என்பது ஒன்று, எம்.ஏ. கல்வியியலும் அதனுடன் பி.எட்.டும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஒவ்வொரு பட்டத்துக்கும் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. படிப்பில் தேர்ச்சி பெறும் மதிப்பெண் வேறு, இந்த 55 விழுக்காடு வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். பி.எட்.டில் உங்கள் விழுக்காடு எவ்வளவு என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். மேலும், தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் கல்வியியல் ஒரு பாடமாக உள்ளது, எம்.ஏ. கல்வியியல் முடித்தவர் அதை எழுதலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அது மிக வலுவான சான்று.

எம்.எட்.தான் வேண்டும் என்று கருதுவோர் ஒன்றைக் கவனித்து வரலாம். 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகளில், முழுநேர எம்.எட்.டை ஓராண்டாக்குவதோடு, பணியில் உள்ளவர்களுக்காக இரண்டாண்டுப் பகுதிநேர எம்.எட். ஒன்றும் முன்மொழியப்பட்டது. வரைவை நம்பி யாரிடமும் முன்பணம் கட்டிவிட வேண்டாம். இறுதி விதிமுறையும் அதன்கீழ் ஏற்பு பெற்ற கல்லூரிகளின் பட்டியலும் வந்த பிறகு முடிவு செய்யலாம்.

ஆனைமலை | பொள்ளாச்சி

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு குறையை இங்கே பதிவு செய்ய வேண்டும். பவானி அம்மையார் குறிப்பிட்ட படிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்படுகிறது. நெட் தேர்வில் கல்வியியல் வினாத்தாளும் அந்த இரு மொழிகளில்தான் வருகிறது. தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் கற்பித்துக்கொண்டு, தமிழ்வழியிலேயே தாமும் படித்து வந்த ஆசிரியர்தான் பிள்ளையின் மனத்தை மிக அருகிலிருந்து பார்க்கிறார். அவர் தம் அனுபவத்தை உயர்கல்வியில் ஒரு சொல் எழுத வேண்டுமென்றால் மொழி குறுக்கே நிற்கிறது. வால்பாறைத் தோட்டப் பள்ளிகளிலும் ஆனைமலை அடிவாரப் பள்ளிகளிலும் எனக்குத் தெரிந்த மிகத் திறமையான இடைநிலை ஆசிரியர்கள் சிலர் இந்த ஒரே காரணத்துக்காக முதுகலைப் பக்கம் போகவில்லை.

தமிழில் இது முடியாத காரியம் இல்லை. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி செய்த பெரியசாமித் தூரன், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார். குழந்தை உளவியலைத் தமிழில் எழுதியவரும் அவரே. அந்த வித்தியாலயத்தை 1930இல் நிறுவிய அவினாசிலிங்கம் பின்னர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்து அந்தக் களஞ்சியப் பணிக்கு வழிவகுத்தார். நம் மண்ணின் ஆசிரியர்கள் அத்தனை துறைகளையும் தமிழில் எழுதிக் காட்டிய பிறகும், கல்வியியல் முதுகலையைத் தமிழில் எழுத வாய்ப்புக் கேட்டு நாம் நிற்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கைகளோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

பவானிக்கூடல் | பவானி

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நானும் கல்லூரி வரை தமிழ்வழியில் படித்தவள்தான். முதல் பருவத்தில் ஒரு பக்கத்தை வாசிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. நான் கையாண்ட வழியைச் சொல்கிறேன்: ஒவ்வொரு அலகையும் வாசித்த பின் அதன் சாரத்தைத் தமிழில் என் வகுப்பு எடுத்துக்காட்டோடு ஒரு பக்கம் எழுதிவிடுவேன், ஒப்படைப்பை அதிலிருந்து எளிய ஆங்கிலத்தில் எழுதுவேன். அலங்கார ஆங்கிலத்தை மதிப்பீட்டாளர்கள் எதிர்பார்ப்பதில்லை. கருத்தும் எடுத்துக்காட்டும் தெளிவாக இருந்தால் போதுமான மதிப்பெண் கிடைக்கும். பிறகு அந்தத் தமிழ்க் குறிப்புகளைக் குறுவள மையக் கூட்டத்தில் மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுத்தேன்.

அமராவதி | கரூர்

அந்தக் குறிப்புகள் பயன் உள்ளவை என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 உண்டு. முதுகலை ஆசிரியர் தேர்விலும் கல்வியியல் முறைகளுக்கு 30 மதிப்பெண் உண்டு. அந்த அளவில் எம்.ஏ. கல்வியியல் பாடங்கள் மறைமுகமாக உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் சில தவணை முறையில் கட்டணம் கட்டலாம் என்று ஆசிரியர்களின் அலைபேசிக்கு அழைத்துக்கொண்டே இருக்கின்றன. அழைப்பவர் சொல்வதை நம்பாமல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தைத் திறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும், சேரப்போகும் கல்வியாண்டும் மூன்றும் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஏற்பு இருந்து, படிப்புக்கு இல்லாமலும் போகலாம். சென்ற ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம்.

சென்னிமலைச்சாரல் | பெருந்துறை

கரூர்க்காரர் சொன்ன மூன்றும் மிக முக்கியம். அதனுடன், 2024 முதல் தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கு மாணவர் தாமே அந்தப் பணியகத் தளத்தில் டெப் (அந்தப் பணியகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) அடையாள எண் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் இடையில் ஒரு பயிற்சி மையம் கட்டணம் வாங்கிச் சேர்ப்பதற்கும் விதிமுறைகள் இடம் தருவதில்லை. பணம் நேரே பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கும் முன்பே தலைமையாசிரியர் வழியாக உயர்கல்விக்கான முன் அனுமதிக்கு எழுதிவிட வேண்டும். படித்து முடித்த பிறகு பின்னேற்பு கேட்டு அலையும் கோப்புகள் எத்தனை என்பதை அலுவலகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். அனுமதி ஆணையின் நகல் கைக்கு வந்ததும் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; பட்டம் பெற்ற பின் அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

நொய்யல்கரை | பல்லடம்

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் நன்றி. தகுதித் தேர்வு எழுதித்தான் நான் பணிக்கு வந்தேன் என்பதால் அந்தக் கவலை இல்லை. எம்.எட். எண்ணத்தை விட்டுவிட்டு, எம்.ஏ. கல்வியியலைத் தொலைநிலையில், மூன்று ஆண்டுத் திட்டத்தில் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். முன் அனுமதிக்கான கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். இஞானகோஷ் தளத்திலிருந்து ஆய்வுத் தொகுதியையும் இறக்கி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஆய்வேட்டுக்கு எங்கள் பள்ளியின் புலம்பெயர்ந்த பிள்ளைகளையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அதில் இரண்டு ஐயங்கள் உள்ளன. வழிகாட்டியை நானே தேடிக்கொள்ள வேண்டுமா? என் சொந்த மாணவர்களை நானே ஆய்வு செய்வது முறையாகுமா?

பவானிக்கூடல் | பவானி

வழிகாட்டியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். கல்வியியலில் உரிய தகுதியும் அனுபவமும் உள்ள ஒருவரின் ஒப்புதலைப் பெற்று, ஆய்வு முன்மொழிவை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகே தரவு திரட்டத் தொடங்க வேண்டும். கல்வியியல் கல்லூரிகளிலோ உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ கேட்டுப் பாருங்கள். திருமூர்த்தி நகர் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

சென்னிமலைச்சாரல் | பெருந்துறை

சொந்த வகுப்பை ஆய்வு செய்வது முறைதான் அம்மணி. செயலாய்வு என்று நம் நிறுவனங்கள் பல காலமாக ஊக்குவித்து வருவதே அது. ஆனால் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பெற்றோரிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுங்கள். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவரை, இயன்றால் வேலை கொடுப்பவரின் ஆளாக இல்லாத ஒருவரை, உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரும், பெற்றோர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் ஆய்வேட்டில் வரக்கூடாது. ஆய்வில் சேர விரும்பாத பிள்ளைக்கும் அதே கவனிப்புக் கிடைக்க வேண்டும். தீபாவளி, சத் பூசைக் காலங்களில் இந்தக் குடும்பங்களில் பல ஊருக்குப் போய்விட்டுச் சில வாரங்கள் கழித்தே திரும்பும், சில திரும்பாமலும் போகும். ஆகவே தொடக்கத்தில் சற்று அதிகமான பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, ஜூலை முதல் செப்டம்பருக்குள் முதன்மைத் தரவுகளைத் திரட்டிவிடும்படி திட்டமிடுங்கள்.

முதல் வேலையாக, ஏழாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்து, அதே கருத்தை ஒரு முறை பாடநூல் நடையிலும் ஒரு முறை பிள்ளைகள் பேசும் நடையிலும் எழுதி, இரண்டையும் வாசிக்கக் கொடுத்து அவர்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். முன்மொழிவு எழுத அது போதும். உங்கள் முன்மொழிவின் முதல் வரைவைத் தனிமடலில் அனுப்பினால் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன்.